கண்டிக்கோட்டா பள்ளத்தாக்கு: கோத்தகிரியில இருந்து அம்மாவையும் கூட்டிக்கிட்டு போகலாமா?

கட்டபெட்டு_மணி | நவம்பர் 16, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுக்கிட்டு மட்டும் இருக்கேன், எழுதுறது இதான் முதல் தடவை.

பையன் ஒன்பதாவது. ஆறு எப்படி மலையை அறுக்குதுன்னு பாடம். கிராண்ட் கேன்யன் படத்தைப் பாத்துட்டு அங்க போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இப்ப பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலைக்கு அரிசோனா வேண்டாம்டா, அரவேணு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னேன். மறுநாள் அவனே தேடிப் பிடிச்சுட்டு வந்துட்டான்: ஆந்திராவுல, கடப்பா மாவட்டத்துல கண்டிக்கோட்டா, "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்". படத்தைப் பாத்து நானே மலைச்சுப் போயிட்டேன்.

போறது அஞ்சு பேர். நான், வீட்டுக்காரி, பையன், பாப்பா (அஞ்சாவது), எங்கம்மா. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி, படி இறங்கக் கம்பு வேணும். விட்டுட்டுப் போக மனசு வரல. அவங்க மேட்டுப்பாளையத்தைத் தாண்டினதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும்தான். அரையாண்டு லீவுல போகலாம்னா ஹெத்தை ஹப்பா (படுகர் திருவிழா) வந்துடும், அப்ப அம்மா ஊரை விட்டு அசைய மாட்டாங்க.

கார் சின்னது, பழசு, ஆனா நம்பலாம். அவ்வளவு தூரம் போய் பாக்குற அளவுக்கு அங்க ஏதாவது இருக்கா? அம்மாவால முடியுமா? எத்தனை நாள் வேணும்?

மலைரயில் | நவம்பர் 16, இரவு 9:20

கண்டின்னு பாத்ததும் இலங்கைன்னு நினைச்சு பாஸ்போர்ட்டைத் தேடிட்டேன்.

லாங்வுட்_சோலை | நவம்பர் 16, இரவு 10:47

ரெண்டு தடவை போயிருக்கேன் மணி. முதல் தடவை போனதைப் போனதுன்னே சொல்லக்கூடாது. மே மாசம், பெங்களூர்ல ஒரு கல்யாணம், அப்படியே ஒரு எட்டுன்னு கிளம்பி பகல் 11 மணிக்குப் போய் நின்னோம். பாறை தோசைக்கல்லு மாதிரி காயுது, செருப்பைத் தாண்டி சூடு ஏறுது. வெயில் நேர் உச்சியில இருந்து கொட்டுறதால பள்ளத்துல செவப்பும் இல்ல, நெழலும் இல்ல, எல்லாம் வெளுத்துப்போன சாம்பல். நாப்பது நிமிஷம். ஓடி வந்து காருக்குள்ள ஏசிக்கு மூஞ்சியைக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டோம். கடப்பாப் பக்கம் ஏப்ரல், மேயில 40 டிகிரி தாண்டுறது சாதாரணம். நாமெல்லாம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுலயே ஸ்வெட்டரோட உசுரையும் கழட்டுற ஆளுங்க.

ரெண்டாவது தடவை தை மாசம், ரெண்டு ராத்திரி தங்கினேன். அப்பத்தான் இடம் புரிஞ்சுது.

ஒண்ணு கவனிச்சுக்கோங்க. நமக்குப் பள்ளம்னா ஏறிப்போய் மேல நின்னு பாக்குற விஷயம். அங்க அப்படி இல்ல. பக்கத்து டவுன் ஜம்மலமடுகுல இருந்து 15 கிலோமீட்டர், கார் ஏறுற ஏத்தம்தான் ஏத்தம். கோட்டை வாசலுக்குள்ள நுழைஞ்சா உள்ள இன்னும் ஊர் இருக்கு, வீடு இருக்கு, ஆடு கட்டியிருக்கு. மசூதி, பழைய தானியக் களஞ்சியம் எல்லாம் தாண்டி சமதரையில நடக்குறோம், பெரிய பெரிய பாறையா வருது, திடீர்னு தரை முடிஞ்சு போயிடுது. கீழ, ஏறக்குறைய 300 அடிக்குக் கீழ, பெண்ணாறு. இவ்வளவு நேரம் நாம நடந்து வந்த தரைக்குள்ளதான் இது ஒளிஞ்சிருந்துச்சான்னு இருக்கும்.

விடியறதுக்கு முன்னாடி போய் உக்காந்தேன். தண்ணி கருப்பா இருந்துச்சு. எதிர்ச் சுவருல முதல்ல மேல் விளிம்பு மட்டும் செங்கல் நிறத்துக்கு வந்தது, அப்புறம் வெளிச்சம் ஒவ்வொரு அடுக்கா இறங்குச்சு. அந்தச் சுவர் ஒரே பாறையா இல்ல, யாரோ கட்டமா வெட்டி கட்டமா அடுக்கின மாதிரி. பறவைங்க நமக்குக் கீழ பறக்குது. பறவையோட முதுகைப் பாக்குறது எவ்வளவு அபூர்வம்னு அன்னிக்குத்தான் தோணுச்சு. அதனால ஒரே ஒரு கெஞ்சல்: பகல்ல போய் பாத்துட்டுப் பகல்லயே திரும்பாதீங்க. ரெண்டு சாயங்காலம், ரெண்டு விடியல் இல்லாம அது ஒரு கல்லுக்குழிதான்.

அம்மா விஷயம்: கடைசித் துண்டு மட்டும் பாறை மேல ஏறி இறங்கணும். விளிம்புல பெரும்பாலும் கம்பி வேலி கிடையாது. ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துக்கோங்க, விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாடி தட்டைப் பாறையில போட்டு உக்கார வெச்சா எல்லாம் தெரியும்.

மசினகுடி_ஜீப் | நவம்பர் 17, காலை 6:05

அண்ணா, கோவிச்சுக்காதீங்க. வாசல்லயே மாயாறு பள்ளத்தை வெச்சுக்கிட்டு 600 கிலோமீட்டர் போறீங்களே. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம் ஓடுது அது. உங்க கட்டபெட்டுல இருந்து கோடநாடு காட்சி முனை எட்டுற தூரம். பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுற காடு, தெங்குமரஹாடா, பவானிசாகர் தண்ணி, எல்லாம் ஒரே பார்வையில. டிக்கெட்டும் பெட்ரோலும் மிச்சம்.

கட்டபெட்டு_மணி | நவம்பர் 17, காலை 7:30

தம்பி, கோடநாடு நூறு தடவை போயிருக்கோம். அதுல எழுபது தடவை மூடுபனியைத்தான் பாத்தோம். 😄 அம்மா காட்சி முனைக்குப் போனா, காரை விட்டு இறங்கின உடனே "சீக்கிரம் பாத்துக்கோங்க, மூடிடும்"னு ஓட வெப்பாங்க.

மசினகுடி_ஜீப் | நவம்பர் 17, காலை 7:41

அது மாயாறு தப்பு இல்ல, மூடுபனி தப்பு.

ஓய்வு_வாத்தியார் | நவம்பர் 17, காலை 11:15

முப்பது ஆண்டுகள் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு, கணவாய். இடுக்கின் மேல் நிற்கும் கோட்டை, அவ்வளவுதான். இலங்கைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, மலைரயிலுக்கு இதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்து, அந்த "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்ற பட்டம். அது அந்த இடத்துக்குச் செய்யும் கெடுதல்தான் அதிகம். அரிசோனாவில் இருப்பது 446 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர், ஆழம் 1.6 கிலோமீட்டருக்கு மேல். அதன் தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி. அதாவது ஒருவர் கொடைக்கானல் உயரத்தில் நின்றுகொண்டு ஒரு மைல் ஆழத்துக்குக் கீழே பார்க்கிறார். கண்டிக்கோட்டாவின் ஆழம் அதில் பதினைந்தில் ஒரு பங்கு வருமா என்றால் சந்தேகம். பையனை இந்த ஒப்பீட்டோடு கூட்டிப்போனால் ஏமாந்து போவான். இப்படிச் சொல்லிக் கூட்டிப்போங்கள்: அங்கே எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும், அங்கே மேயும் ஆட்டை இங்கிருந்து எண்ணலாம். அந்த நெருக்கம் அரிசோனாவில் கிடையாது.

பாறையைப் பல பேர் கருங்கல் என்று எழுதுகிறார்கள். இல்லை. அது குவார்ட்சைட், மணற்கல் இறுகி இறுகிக் கண்ணாடிபோல் கெட்டியானது. புவியியலாளர்கள் அந்த அடுக்குக்கே 'கண்டிக்கோட்டா குவார்ட்சைட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயது 150 கோடி ஆண்டுகளுக்கு மேல். அது மட்கி உதிராது. குறுக்கும் நெடுக்குமான வெடிப்புகள் வழியே கட்டி கட்டியாகப் பெயரும். சோலை சொன்ன "கட்டமா அடுக்கின" தோற்றம் அதனால்தான். நம் நீலகிரியின் சார்னோகைட் பாறை இதைவிடக் கிழம், ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஆனால் நம் பாறை மழையிலும் ஈரத்திலும் மட்கிச் செம்மண்ணாகித் தேயிலை வளர்க்கிறது, கண்டிக்கோட்டாப் பாறை மொட்டையாக நிற்கிறது.

பையனுக்கு இன்னொன்று. கிராண்ட் கேன்யனின் அடியாழத்தில் கிடக்கும் பழம் பாறைக்கு 'விஷ்ணு' என்று பெயர். மேலே நிற்கும் சிகரங்களில் பிரம்மாவும் சிவனும்கூட உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் தொடங்கிவைத்த பழக்கம் அது.

கடைசியாக ஆறு. கர்நாடகத்தின் நந்திமலையில் இரண்டு பெண்ணைகள் பிறக்கின்றன. ஒன்று தெற்கே திரும்பி ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடலைத் தொடும் நம் தென்பெண்ணை. மற்றது வடக்கே போய்க் கிழக்கே திரும்பி, கண்டிக்கோட்டாவை அறுத்துக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் கடலில் சேரும் வடபெண்ணை, சோலை சொன்ன பெண்ணாறு அதுதான். சாலை வழியாகப் போனால் பையன் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

அரவேணு_அக்கா | நவம்பர் 17, மதியம் 2:08

வாத்தியார் சார் 150 கோடி வருஷம் பின்னாடி போயிட்டாரு, நான் பாத்ரூமுக்கு வர்றேன்.

மணி தம்பி, கோட்டைக்குள்ள பொம்பளைங்களுக்கு வசதி ரொம்பக் கம்மி. தங்குறதுக்கு ஆந்திர சுற்றுலாக் கழகத்தோட ஹரிதா விடுதி கோட்டைக்குக் கிட்டவே இருக்கு, ரூம் முன்னாடியே போட்டுடுங்க. விட்டா அப்புறம் ஜம்மலமடுகுதான். விடியல் பாக்கணும்னா கிட்ட இருக்கிறதுதான் நல்லது, அம்மாவை நாலரை மணிக்கு எழுப்பி 15 கிலோமீட்டர் கூட்டிட்டுப் போக முடியுமா?

தண்ணி கேன் கார்லயே வெச்சுக்கோங்க. குரங்கு இருக்கு, கையில பை தொங்கப் போடாதீங்க. பாப்பா கையை விளிம்புல யாராவது ஒருத்தர் பிடிச்சே இருக்கணும், அந்த ஒருத்தர் போட்டோ எடுக்கிறவரா இருக்கக்கூடாது. ஆத்துல இறங்கவே வேண்டாம். கீழ மைலவரம் அணை இருக்கு, பள்ளத்துக்குள்ள நிக்கிறது தேங்கின ஆழத் தண்ணி.

அப்புறம், உங்க வீட்டு சமையல் மேடை என்ன கல்லு? கடப்பா கல்லுதானே. புளி கரைச்ச கிண்ணம் வெச்ச இடம் வட்டமா வெளுத்திருக்கும் பாருங்க. அந்தக் கல்லு அந்தப் பக்கத்துல இருந்துதான் வருது.

கட்டபெட்டு_மணி | நவம்பர் 17, மாலை 6:50

அக்கா, எழுந்து போய் பாத்தேன். மூணு வட்டம் இருக்கு. இருபது வருஷமா பாத்திரக்கறைன்னு அம்மா தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க.

ஓய்வு_வாத்தியார் | நவம்பர் 17, இரவு 8:02

கறை இல்லை, அரிப்பு. கடப்பா கல் ஒரு வகைச் சுண்ணாம்புப் பாறை. புளியின் அமிலம் அதைத் தின்கிறது, மெருகு போய் வெளுக்கிறது. தேய்த்தால் போகாது. இதையே நிலத்தடி நீர் லட்சக்கணக்கான ஆண்டுகள் செய்தால் அது பேலம் குகை! கண்டிக்கோட்டாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான், விடாதீர்கள். குகையின் நீளம் 3,229 மீட்டர், நாம் உள்ளே போகக்கூடியது ஒன்றரை கிலோமீட்டர். 1884இல் அதை உலகுக்குத் தெரிவித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே மனிதர். பையன் வரலாற்றுப் பாடத்திலும் வருவார்.

தாவணெ_பையன் | நவம்பர் 18, இரவு 11:31

டென்ட் போடலாமே? நானும் பசங்களும் போன டிசம்பர்ல டென்ட்லதான் இருந்தோம். ஆனா உண்மையைச் சொல்லிடறேன், ஆன்லைன்ல பாத்த படத்துல டென்ட் பள்ளத்தோட விளிம்புல இருந்துச்சு. நேர்ல போனா முள்ளுக்காட்டுக்குப் பக்கத்துல, பள்ளமே தெரியாது. முப்பது பேருக்கு ஒரு கக்கூஸ். பக்கத்து டென்ட்டுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்பீக்கர். கேட்டா "அட்ஜஸ்ட் சேஸ்கோண்டி"ன்னாங்க. காசு திரும்பி வரல. ஆனா நட்சத்திரம் மட்டும் சூப்பர்.

அரவேணு_அக்கா | நவம்பர் 19, காலை 5:58

அம்மாவை டென்ட்ல படுக்க வெச்சா முட்டி மடங்கி எந்திரிக்க ஜேசிபி வேணும். வேண்டாம்.

மலைரயில் | நவம்பர் 19, காலை 10:20

ரயிலைப் பத்தி யாரும் பேசமாட்டீங்களா? கன்னியாகுமரி – புனே ரயில் கோயமுத்தூர் வழியா வந்து காட்பாடி, திருப்பதி, கடப்பான்னு போகும். கடப்பாவுல இறங்கி வண்டி பிடிச்சா ஆச்சு. அம்மா காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வரலாம்.

கட்டபெட்டு_மணி | நவம்பர் 19, இரவு 9:00

நல்ல யோசனைதான் அண்ணா, ஆனா தங்கச்சி கிருஷ்ணகிரியில இருக்கா. அவ வீட்டுல ஒரு ராத்திரி தங்காம போனா ஜென்மத்துக்கும் பேசமாட்டா. அதனால கார்தான். இப்போதைக்கு திட்டம்: ஜனவரி கடைசி வாரம், பசங்களுக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு, மேட்டுப்பாளையம், அவிநாசி, சேலம், கிருஷ்ணகிரி. மறுநாள் ஓசூர், பெங்களூருக்கு வெளியால சிக்கபள்ளாபூர், கதிரி, புலிவெந்துலா, ஜம்மலமடுகு. ரெண்டு ராத்திரி அங்க. சரியா?

மசினகுடி_ஜீப் | நவம்பர் 19, இரவு 9:16

ஊட்டி, மைசூர் வழி கிட்டம். ஆனா தங்கச்சி வீடு அந்தப் பக்கம் இல்லையே. சரி.

லாங்வுட்_சோலை | நவம்பர் 20, காலை 7:12

சரியான திட்டம். கோட்டைக்குள்ள மாதவராயர் கோயிலுக்குச் சாயங்காலம் போங்க, கோபுரம் கல்லுலயே பூ வேலை. பூசை கிடையாது. 1652ல டவெர்னியேன்னு ஒரு பிரெஞ்சு நகை வியாபாரி இந்தக் கோட்டைக்கு வந்து கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லாவைப் பாத்திருக்கார். பீரங்கி வார்க்கிறதுக்குக் கோயில் செப்புச் சிலைகளை உருக்கினதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கருவறைக்குள்ள போனா வேற மாதிரி இருக்கும்.

சாப்பாடு: ராகி சங்கடி நம்ம களிதான், அரிசி சேர்க்கிறதால கொஞ்சம் குழைவா இருக்கும். அம்மாவுக்குப் பிடிக்கும். காலையில உக்காணி கேளுங்க, பொரியை நனைச்சுத் தாளிச்சு மிளகா பஜ்ஜியோட தருவாங்க. காரதோசை மட்டும் பாப்பாவுக்குக் குடுத்துடாதீங்க.

கட்டபெட்டு_மணி | பிப்ரவரி 3, இரவு 8:25

போயிட்டு வந்துட்டோம். எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேன், அதனால முழுசா எழுதுறேன்.

காவேரிப்பட்டினம் பாலத்துல நிறுத்தி பையனுக்குத் தென்பெண்ணையைக் காட்டினேன். தண்ணி கொஞ்சம், நாத்தம் கொஞ்சம். "இதோட அக்காவைத்தான் பாக்கப் போறோமா?"ன்னு சந்தேகமா கேட்டான். கதிரிக்கு அப்புறம் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழட்டினா அதுலயும் காத்து இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும், என் மேலதான் தப்பு. பைக்ல போன ஒருத்தர் டயரையும் என்னையும் ஏத்திக்கிட்டு கடைக்குப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். காசு வாங்கல. ரெண்டு மணி நேரம் போச்சு, முதல் சாயங்காலம் கிடைக்கல. சோலை அண்ணா ரெண்டு ராத்திரின்னு சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு.

காரதோசையைப் பாப்பாவுக்குக் குடுக்கல. அவ அண்ணன் தட்டுல இருந்து அவளே எடுத்துட்டா. அரை லிட்டர் மோர்.

பேலம் குகைக்குள்ள அம்மாவைக் கூட்டிட்டுப் போகல. படி இறங்கணும், உள்ள புழுக்கம் வேற. வாசல் பக்கம் பெரிய புத்தர் சிலை இருக்கு, அங்க நெழல்ல உக்காந்து ஒரு தெலுங்குப் பாட்டியோட ரெண்டு மணி நேரம் பேசியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் மத்தவங்க பாஷை தெரியாது. என்ன பேசுனீங்கன்னா, "முட்டியைப் பத்தி"ன்னாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் அஞ்சரைக்கு அம்மாவை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் பையனுமா பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். தட்டைப் பாறையில ஸ்டூல் போட்டோம். லேசா வெளுக்க ஆரம்பிச்சுது, சுவர் தெரிஞ்சுது, கீழ ஆறு தெரிஞ்சுது. அம்மா வழக்கம்போல ஆரம்பிச்சுட்டாங்க: "எல்லாரும் சீக்கிரம் பாத்துக்கோங்க. டேய், தங்கச்சிக்குக் காட்டு. மூடிடும்." நாங்க யாரும் ஒண்ணும் சொல்லல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பள்ளத்தோட ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க, பனி எந்தப் பக்கம் இருந்து வரும்னு. செவப்பு முழுசா இறங்கி, ஆத்துத் தண்ணி பச்சையாத் தெரிஞ்சு, வெயிலே சுட ஆரம்பிச்சுடுச்சு. அப்பத்தான் கேட்டாங்க, "இங்க மூடாதாடா?"

மூடாதும்மான்னேன்.

அதுக்கப்புறம் ஒம்பது மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் அவங்களே கம்பை எடுத்துக்கிட்டு முதல்ல கிளம்பிட்டாங்க.

பையன் எதிர்க்கரை ஆட்டை எண்ணினான் வாத்தியார் சார். பதினேழு.

ஓய்வு_வாத்தியார் | பிப்ரவரி 3, இரவு 8:51

மிக்க மகிழ்ச்சி. பாறையில் ஒன்றும் பெயர்த்துக்கொண்டு வரவில்லையே?

கட்டபெட்டு_மணி | பிப்ரவரி 3, இரவு 8:58

இல்ல சார். அதான் வீட்டுல சமையல் மேடை இருக்கே.

மசினகுடி_ஜீப் | பிப்ரவரி 3, இரவு 9:10

சரிண்ணா, இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கோடநாட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, நானும் வர்றேன். மூடியிருந்தா டீ என் செலவு.